பைட்டுக்குள் பிட்டைப் பார்ப்பது எப்படி? (நிட்டிங் மெஷின் கற்றுத் தந்த பாடம்)

- மூன்றாமாண்டு மாணவன், எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவு



மாணவர் பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது, கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். நம் வகுப்பில் ஏற்கனவே பதினோரு பேர் கவிதை கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அந்த ஆசையை விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்தது ஒரு சின்ன விஷயம். அதைத் தெரிந்துகொள்ள எங்கள் வீட்டில் ஒரு வாரம் சண்டை நடந்தது. அதையே எழுதுகிறேன்.

'பிட்' என்றதும் சிலர் சிரிப்பது தெரிகிறது. பரீட்சை ஹாலில் சட்டைக் கையில் மடித்து வைக்கிற பிட் இல்லை சாமி! நம்ம ஊர்க் கட்டிங் டேபிளுக்கு அடியில் மூட்டையாகக் கிடக்கிற பிட் துணியும் இல்லை. இது கம்ப்யூட்டர் பிட். ஒன்று, அல்லது சுழி. அவ்வளவுதான் அதற்குச் சொல்லத் தெரியும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். பிட் என்ற பெயரை கிளாட் ஷானன் 1948-ல் எழுதிய கட்டுரையில் அச்சில் பார்க்கலாம். அந்தப் பெயரைச் சொன்னது ஜான் டூகி என்று ஷானனே எழுதியிருக்கிறார். பைட் என்ற பெயரை 1956-ல் ஐபிஎம் கம்பெனியில் வைத்தவர் வெர்னர் புக்கோல்ஸ். இதெல்லாம் இரண்டு மார்க் கேள்விக்கு உதவும். விஷயத்துக்கு வருவோம்.

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். தாய்மாமா நிட்டிங் ஆபரேட்டர். இருபது வருஷமாக ராத்திரி ஷிப்ட். மாமா வேலை செய்கிற இடம் ஜாப் ஒர்க் எடுத்து ஓட்டுகிற சின்ன யூனிட். மொத்தம் ஆறு மெஷின். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கே போய்ப் பஞ்சு ஊதுவது, கோன் மாற்றுவது என்று கைவேலை செய்வேன்.

நிட்டிங் மெஷினைப் பக்கத்தில் நின்று பார்க்காத நண்பர்கள் (நாமக்கல், தர்மபுரியிலிருந்து வந்து ஹாஸ்டலில் இருப்பவர்கள்) நம் வகுப்பில் உண்டு. அவர்களுக்காகச் சொல்கிறேன். வட்டமான சிலிண்டர். 30 இன்ச் டயா, 24 கேஜ் என்றால் இன்ச்சுக்கு 24 ஊசி. சுற்றளவுக்குக் கணக்குப் போட்டால் சுமார் 2260 ஊசி வரும். சுற்றிலும் தொண்ணூறு ஃபீடர், ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல். இத்தனை நூலில் ஒன்றே ஒன்று அறுந்தாலும் மெஷின் அந்த நிமிஷமே நின்றாக வேண்டும். இல்லாவிட்டால் துணியில் ஓட்டை விழும். அதற்காக நூல் போகிற வழியில் மேலே ஒரு ஸ்டாப் மோஷன், கீழே ஒரு ஸ்டாப் மோஷன். ஊசி உடைந்தால் கண்டுபிடிக்க ஒன்று. துணி கழன்று விழுந்தால் ஒன்று. சுற்றிலும் உள்ள வலைக்கதவைத் திறந்தால் மெஷின் ஓடக்கூடாது என்பதற்கு ஒன்று. எல்லாமே 'ஆமா', 'இல்லை' என்ற இரண்டு பதில் மட்டும் தெரிந்த சுவிட்சுகள். அதாவது, பிட்டுகள்!

போன வருஷம் முதலாளி ஆறு மெஷினிலும் ஒரு சின்ன பிஎல்சி பெட்டியை மாட்டினார். அது இந்த சுவிட்சுகளை எல்லாம் நொடிக்கு ஒரு தடவை படித்து, எட்டையும் ஒரே பைட்டாகக் கட்டி கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அனுப்புகிற முறைக்கு மோட்பஸ் என்று பெயர். 1979-ல் மோடிகான் கம்பெனி கொண்டுவந்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மோட்பஸ் விதி என்னவென்றால், முதல் இன்புட் பைட்டின் வலது ஓரத்துப் பிட்டில் உட்காரும். அங்கிருந்து இடப்பக்கமாக வரிசை. நாம் எழுதுகிற முறைக்கு எதிர்த்திசை. இதைக் கவனிக்காமல் இடது பக்கத்திலிருந்து எண்ணினால் கதவு திறந்ததை 'துணி விழுந்தது' என்று படித்துவிடுவீர்கள்.

எங்கள் பெட்டியில் வயர் கொடுத்திருந்த வரிசை இது:

பிட் 0 (மதிப்பு 1) - மேல் நூல் அறுப்பு
பிட் 1 (மதிப்பு 2) - கீழ் நூல் அறுப்பு
பிட் 2 (மதிப்பு 4) - ஊசி உடைவு
பிட் 3 (மதிப்பு 8) - துணி விழுந்தது
பிட் 4 (மதிப்பு 16) - கதவு திறப்பு
பிட் 5 (மதிப்பு 32) - எண்ணெய் குறைவு
பிட் 6 (மதிப்பு 64) - ஆபரேட்டர் ஸ்டாப் பட்டன்
பிட் 7 (மதிப்பு 128) - மெஷின் ஓடுகிறது

எண்ண ஆரம்பிப்பது சுழியிலிருந்து என்பதை மறக்க வேண்டாம். ராத்திரி ஷிப்ட் எங்களிடம் பன்னிரண்டு மணி நேரம், அதாவது ஒன்றரை ஷிப்ட் சம்பளம். நொடிக்கு ஒரு பைட் என்றால் ஒரு மெஷினுக்கு ஒரு ராத்திரிக்கு 43,200 பைட். ஒரு போட்டோவின் அளவுகூட இல்லை!

முதலாளி என்னைக் கூப்பிட்டு, "கண்ணு, நீ இதத்தான படிக்கறே? எந்த மெஷினு, எதுனால, எத்தன நிமிஷம் நின்னுச்சுன்னு ஒரு ரிப்போர்ட் போட்டுக் குடேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னை நம்பி ஒரு முதலாளி வேலை கொடுக்கிறார்! பைத்தானில் எழுதுவது என்று முடிவு செய்தேன். 1991-ல் வந்த மொழி, இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், எழுதி உடனே ஓட்டிப் பார்க்கலாம். இன்னொரு வசதி, பைத்தான் 3-ல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம். அதனால் இந்தக் கட்டுரையில் மாறிப் பெயர்களைத் தமிழிலேயே தந்திருக்கிறேன். இஃப், எலிஃப், எல்ஸ் போன்ற பைத்தானின் சொந்தச் சொற்களை இங்கே தமிழில் அச்சிட்டாலும், நீங்கள் அடிக்கும்போது ஆங்கிலத்தில்தான் அடிக்க வேண்டும். (அதுவும் தமிழில் வேண்டும் என்பவர்களுக்கு, பைத்தானை அடிப்படையாக வைத்துச் செய்த 'எழில்' என்ற தமிழ் நிரல்மொழி இருக்கிறது. ஆசையுள்ளவர்கள் பார்க்கலாம்.)

நான் முதலில் எழுதியது இது. மெஷின் நிற்கிற ஒவ்வொரு நொடிக்கும் எந்தக் காரணத்தில் சேர்ப்பது என்று கணக்கு:

இஃப் நிலை >= 128: மெஷின் ஓடுது, விட்டுவிடு
எலிஃப் நிலை >= 64: ஆபரேட்டர் கணக்கில் சேர்
எலிஃப் நிலை == 1: நூல்
எலிஃப் நிலை == 2: நூல்
எலிஃப் நிலை == 4: ஊசி
எல்ஸ்: மற்றவை

பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது? எனக்கும் அப்படித்தான் இருந்தது. 128-க்கு மேல் என்றால் மேல் பிட் கண்டிப்பாக ஒன்று. அது இல்லாதபோது 64-க்கு மேல் என்றால் அடுத்த பிட் கண்டிப்பாக ஒன்று. இவ்வளவு சுலபமா என்று எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. நாலாம் நம்பர் மெஷினுக்கு ஒரு ராத்திரி ரிப்போர்ட் இப்படி வந்தது: மொத்தம் நின்றது 87 நிமிஷம். அதில் நூல் 9, ஊசி 2, மற்றவை 5, ஆபரேட்டர் 71.

அச்சடித்து, கலர் கட்டம் எல்லாம் போட்டு, முதலாளி டேபிளில் வைத்துவிட்டு வந்தேன். நாலாம் நம்பர் மெஷின் யாருடையது என்று உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும்.

சனிக்கிழமை சம்பளம். மாமாவுக்கு அரை ஷிப்ட் பிடித்துவிட்டார்கள். "எழுவது நிமிசம் பட்டனை அமுத்தி வெச்சுட்டுத் தூங்கினா என்றதுங்க, கம்ப்யூட்டரே சொல்லுதே" என்றாராம் முதலாளி. மாமா என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாதான் கேட்டார். "ஏஞ்சாமி, உன்ற படிப்புக்கு மாமன் எத்தன தடவ பீஸ் கட்டீருக்குது... அதத்தான் மாட்டி உட்டயா?"

நான் "கம்ப்யூட்டர் பொய் சொல்லாதும்மா" என்றேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த ராத்திரி மாமாவோடு நானும் ஷிப்ட்டுக்குப் போனேன். போய்ச் சும்மா நின்றேன். பதினொன்றரை மணிக்கு நாலாம் நம்பரில் சிவப்பு விளக்கு எரிந்தது. நூல் அறுந்து மெஷின் தானாக நின்றது. மாமா இரண்டாவது மெஷின் பக்கத்திலிருந்து நடந்து வந்தார். வந்ததும் முதல் வேலையாக ஸ்டாப் பட்டனை அமுக்கினார். பிறகு வலைக்கதவைத் திறந்தார். பிறகு குனிந்து, நூலை எடுத்து, ஃபீடரில் கோர்த்து, முடி போட்டார்.

"ஏன் மாமா பட்டனை அமுத்துனீங்க? அதுதான் நின்னுடுச்சே!"

"கைய உள்ள உட்டிருக்கையில அந்தப் பக்கமிருந்து எவனாச்சும் ஸ்டார்ட் போட்டுட்டான்னா? வெரலு போயிருங் கண்ணு. அமுத்தாம கை வெக்கக் கூடாது. மொத மொத வேல பழகுன அன்னைக்கே சொல்லிக் குடுத்தாங்க."

எனக்கு அங்கேயே உறைத்தது. நூல் அறுந்ததும் பைட் 1. மாமா பட்டனை அமுக்கியதும் 1-உம் 64-உம் சேர்ந்து 65. கதவைத் திறந்ததும் 16-உம் சேர்ந்து 81. மாமா நடந்து வருகிற சில நொடிதான் என் நிரல் அதை 'நூல்' என்று எண்ணியது. அதற்கப்புறம் அவர் குனிந்து வேலை செய்த அத்தனை நிமிஷமும் ஆபரேட்டர் தலையில்! ஒழுங்காக சேஃப்டி பார்த்து வேலை செய்ததற்குத்தான் அரை ஷிப்ட் போனது.

காலையில் வீட்டுக்கு வந்து 81-ஐ நோட்டில் எட்டுக் கட்டம் போட்டு எழுதினேன்.

0 1 0 1 0 0 0 1

ஒரே எண்ணுக்குள் மூன்று சேதி. '==' போட்டுக் கேட்டால், "இது மட்டும்தானா?" என்று கேட்கிறோம். '>=' போட்டுக் கேட்டால், மேலே இருக்கிற பிட் எரிந்தாலே போதும் என்று கீழே உள்ளதை எல்லாம் விழுங்கிவிடுகிறோம். நமக்கு வேண்டிய கேள்வி வேறு: "மற்றது எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், இந்த ஒரு பிட் எரிகிறதா?"

அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிற சாக்கில் இதை விளக்கினேன். அம்மா கேட்டுவிட்டு, "இதென்ன பெரிய வித்த? ஒரு பீஸுல ஓட்டையும் இருக்கும், எண்ணெக் கறையும் இருக்கும். கறையப் பாத்தமா, ஸ்டிக்கர் ஒட்டுனமா, ஓட்டையத் தனியாப் பாத்தமா, அதுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுனமான்னு போவோணும். கறை மட்டும் இருக்கற பீஸுன்னு தேடுனா ரெண்டும் இருக்கறது பாஸாயிருமே?" என்றார். பதினைந்து வருஷம் செக்கிங் டேபிளில் நின்றவர். எனக்கு இதற்கு ஒரு ராத்திரி தேவைப்பட்டது.

இனி பாடம். பைட்டிலிருந்து ஒரு பிட்டைத் தனியே பார்க்க '&' குறியைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு எண்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மேலும் கீழும் ஒன்றாக இருக்கிற கட்டத்தில் மட்டும் 1 போடு, மற்றதில் 0 போடு என்று அர்த்தம்.

0 1 0 1 0 0 0 1 (81)
0 0 0 0 0 0 0 1 (1)
0 0 0 0 0 0 0 1 (விடை 1)

நூல் அறுந்திருக்கிறது. அதே 81-ஐ ஊசிக்கு, அதாவது 4-உடன் சேர்த்துப் பாருங்கள், விடை 0. ஊசி நன்றாக இருக்கிறது. கீழே வைக்கிற எண்ணுக்கு 'மாஸ்க்' என்று பெயர். பிரிண்டிங் யூனிட்டில் ஸ்கிரீன் வைத்துச் சாயம் இழுக்கிறார்களே, அது மாதிரி. ஓட்டை விட்ட இடத்தில் மட்டும் கலர் இறங்கும், மற்ற இடம் மறைந்துவிடும்.

பிட் எண் தெரியும், மதிப்பு ஞாபகம் இல்லை என்றால் 1 << 6 என்று எழுதுங்கள். ஒன்றை ஆறு கட்டம் இடப்பக்கம் தள்ளு என்று பொருள், 64 வரும். அல்லது பைட்டையே வலப்பக்கம் தள்ளிக் கடைசிப் பிட்டைப் பார்க்கலாம்: (நிலை >> 6) & 1. இதன் விடை எப்போதும் 0 அல்லது 1 என்பதால் கூட்டிக் கணக்குப் போட வசதி.

இதில் நம் ஆட்கள் விழுகிற குழிகள் சில உண்டு. நான் விழாத குழியையும் சேர்த்தே சொல்கிறேன்.

(நிலை & 4) == 1 என்று எழுதுவது. எரிந்தால் ஒன்று வரும் என்ற நினைப்பு. வராது! எரிந்தால் 4, எரியாவிட்டால் 0. ஆகவே இந்தக் கேள்விக்கு விடை எப்போதும் 'இல்லை'. ஊசி எல்லாம் உடைந்து துணி கிழிந்து தொங்கினாலும் 'இல்லை'தான்.

'&' போட வேண்டிய இடத்தில் 'அண்ட்' என்ற சொல்லைப் போடுவது. பைத்தானில் அந்தச் சொல் பிட்டைப் பார்க்காது, எண் சுழியா இல்லையா என்று மட்டும் பார்க்கும். 81 அண்ட் 4 என்றால் விடை 4. இல்லாத ஊசிக் கோளாறு வந்துவிடும். சி மொழியில் இரட்டை '&&' போட்டாலும் இதே கூத்துதான்.

மூன்றாவது குழிதான் ஆழம். நாம் லேபில் சி படிக்கிறோம், வெளியே வந்து பைத்தான் எழுதுகிறோம். நிலை & 4 == 4 என்று அடைப்பு இல்லாமல் எழுதினால் பைத்தான் முதலில் '&'-ஐச் செய்துவிட்டுப் பிறகு ஒப்பிடும்; சரியான விடை. சி மொழியில் முதலில் 4 == 4 என்பதைச் செய்யும். அது உண்மை, அதாவது 1. பிறகு நிலை & 1. நாம் ஊசியைக் கேட்டால் அது மேல் நூலைப் பார்த்துச் சொல்கிறது! ஜாவாஸ்கிரிப்ட், பிஎச்பி இரண்டும் சி வழிதான். சி மொழிக்கு முன்னால் இருந்த பி மொழியில் '&' ஒன்றே இரண்டு வேலைக்கும் இருந்தது. பிறகு '&&' தனியே வந்தபோதும் பழைய நிரல்கள் கெடக்கூடாது என்று '&' இருந்த வரிசையை மாற்றாமல் விட்டார்கள். இதை மொழியைச் செய்த டென்னிஸ் ரிட்சியே ஒப்புக்கொண்டிருக்கிறார். அவர்கள் விட்டது விட்டதுதான். நாம் எந்த மொழியிலும் அடைப்பு போட்டே எழுதிவிடுவோம். அடைப்புக்குக் காசா கேட்கிறார்கள்?

சரி, பிட்டைப் பார்க்கத் தெரிந்துவிட்டது. மாமாவின் அரை ஷிப்ட் திரும்பி வந்ததா? அதற்கு இது போதவில்லை. 81-இல் நூலும் எரிகிறது, பட்டனும் எரிகிறது, கதவும் எரிகிறது. எதனால் நின்றது? யார் முதலில் என்று பார்க்க வேண்டும். மெஷின் ஓடிக்கொண்டிருந்து நின்ற அந்த நொடியைப் பிடிக்க வேண்டும். அதற்கு '^' குறி. இரண்டு பைட்டில் எந்தக் கட்டம் மாறியிருக்கிறதோ அங்கே 1 போடும்.

மாற்றம் = பழசு ^ புதுசு
வந்தது = மாற்றம் & புதுசு
போனது = மாற்றம் & பழசு

போன நொடி 128, இந்த நொடி 1 என்றால், மாற்றம் 129, வந்தது 1, போனது 128. போனதில் 128 இருந்தால் மெஷின் இப்போதுதான் நின்றது. அப்போது வந்தது எதுவோ அதுவே காரணம். மறுபடி ஓடுகிற வரை எல்லா நொடியும் அந்தக் கணக்கில். இப்படி எழுதி ஓட்டினேன். எதுவும் எரியாமல் நின்றால் அது ரோல் முடிந்து கவுண்டர் நிறுத்தியது என்று வைத்துக்கொண்டேன். அதற்கு வயர் கொடுக்கவில்லை.

விடை வந்தது. அதே ராத்திரியில் ரோல் முடிந்து நின்றது 19 தடவை என்றது. மாமாவின் ரோல் நோட்டில் ஆறு ரோல்தான் எழுதியிருக்கிறது! இந்தத் தடவை 'கம்ப்யூட்டர் பொய் சொல்லாது' என்று நான் சொல்லவில்லை. 43,200 எண்ணையும் திரையில் ஓடவிட்டு, நின்ற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சில இடத்தில் 128, 129, 1 என்று வரிசை. நூல் அறுந்த சிக்னல் வந்த பிறகும் சிலிண்டர் சுற்றி அடங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு நொடி பதிவு விழுந்தால், நூலும் எரிகிறது, ஓடுகிற பிட்டும் எரிகிறது. அடுத்த நொடி மெஷின் நிற்கும்போது நூல் பிட் பழையது, 'வந்தது' சுழி. ரோல் கணக்கில் போய்விட்டது!

ஆகவே கடைசியில் எழுதியது இதுதான். நின்ற நொடியைக் கண்டுபிடிக்க மட்டும் '^'. காரணத்தைப் பார்க்க, அந்த நொடியின் முழு பைட்.

இஃப் (போனது & 128) != 0:
    காரணம் = புதுசு & 15
    இஃப் காரணம் == 0: காரணம் = புதுசு & 64
    இஃப் காரணம் == 0: காரணம் = புதுசு & 16

15 எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். 1, 2, 4, 8 நான்கும் சேர்ந்த மாஸ்க். கோளாறு நான்கில் எது எரிந்தாலும் விடை சுழியாக இருக்காது. கோளாறு இருந்தால் முதலில் அது. மாமா பக்கத்திலேயே நின்று அதே நொடியில் பட்டனை அமுக்கி 65 வந்தாலும் நூல் கணக்குதான். கோளாறே இல்லாமல் பட்டன் எரிந்தால்தான் ஆபரேட்டர். எதுவுமே இல்லாவிட்டால் ரோல்.

அதே 87 நிமிஷம் இப்போது இப்படிப் பிரிந்தது: கீழ் நூல் 49, மேல் நூல் 14, ஊசி 11, ரோல் 9, ஆபரேட்டர் 4. ரோல் நின்ற தடவை சரியாக 6, நோட்டோடு ஒத்துப்போனது. அந்த நாலு நிமிஷம் என்ன என்று மாமாவிடம் கேட்டேன். "டீ வந்துச்சு" என்றார்.

முதலாளியிடம் பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். கை நடுங்கியது. அவர் எதுவும் பேசவில்லை, கீழ் நூல் 49 என்ற இடத்தில் விரலை வைத்து, "இந்த லாட் நூலு சரியில்லீங்களா?" என்று மாமாவைத்தான் கேட்டார். அடுத்த சனிக்கிழமை பிடித்த அரை ஷிப்ட் கவரில் இருந்தது.

இந்தக் கதையில் இன்னொரு சின்னக் கிளை. ரிப்போர்ட்டில் ஆபரேட்டர் பெயர் தமிழில் வரவேண்டும் என்பது என் ஆசை. பெட்டியில் பெயருக்கு 20 பைட்தான் இடம். நீளமான பெயர்கள் எல்லாம் பாதியில் அறுந்து, கடைசியில் கேள்விக்குறி போட்ட கட்டம் விழுந்தது. இதுவும் பிட் விஷயம்தான்! 1999-ல் சென்னையில் தமிழ்இணையம் மாநாடு நடந்த காலத்தில் வந்த 'டாப்' முறையில் தமிழுக்கு மேல் பாதி, அதாவது 128-க்கு மேற்பட்ட எண்கள். (பைட் & 128) சுழி இல்லை என்றால் தமிழ், சுழி என்றால் ஆங்கிலம். இன்று நாம் பயன்படுத்தும் யூனிகோடை, கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992-ல் வகுத்த யூடிஎஃப்-8 முறையில் எழுதினால், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். 'த' என்பது 224, 174, 164. 'திருப்பூர்' என்பதில் துணைக்குறி, புள்ளி எல்லாம் சேர்த்துப் பத்துக் குறி, 30 பைட். இருபதில் வெட்டினால் 'திருப்' வரைக்கும் 18 பைட் முழுசாக வரும். மீதி இரண்டு பைட் ஏழாவது குறியின் தலையும் உடம்பும், வால் இல்லாமல்!

எங்கே வெட்டலாம் என்பதை அந்த பைட்டே சொல்லும். முதல் பைட்டின் மேல் நாலு பிட் 1110. அடுத்து வருகிற இரண்டு பைட்டும் 10 என்று தொடங்கும். ஆகவே வெட்டும் இடத்தில் உள்ள பைட்டை எடுத்து (பைட் & 192) == 128 என்று கேளுங்கள். 'ஆமாம்' என்றால் நடுவில் நிற்கிறோம், ஒரு அடி பின்னால் போக வேண்டும். இருபதில் கேட்டால் ஆமாம், பத்தொன்பதில் கேட்டால் ஆமாம், பதினெட்டில் இல்லை. அங்கே வெட்டினால் கட்டம் விழாது. 21-ல் வெட்டினாலும் கட்டம் விழாது. ஆனால் 'பூ'வின் துணைக்குறி போய் 'திருப்ப' என்று நிற்கும். அதற்கு வேறு வைத்தியம், இன்னொரு மலரில் எழுதுகிறேன்.

இப்படியெல்லாம் பிட் பிட்டாகப் பார்ப்பது நம் மெஷினுக்குப் புதிதல்ல. ஜக்கார்டு தறியில் அட்டையில் ஓட்டை இருந்தால் இழை ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. அது 1804-லேயே வந்துவிட்டது. நிட்டிங்கில் ஒரு ஊசி செய்யக்கூடியது மூன்று: நிட், டக், மிஸ். இரண்டு வழி என்றால் ஊசிக்கு ஒரு பிட் போதும். மூன்று வழி என்பதால் இரண்டு பிட் வேண்டும். ஒரு பைட்டில் நாலு ஊசி அடங்கும். 2260 ஊசிக்கு ஒரு சுற்று டிசைன் 565 பைட். கணக்கு மீதியில்லாமல் வகுபட்டதில் எனக்கு ஒரு சந்தோஷம், அதனால் சொன்னேன்.

புராஜெக்டுக்கு இதையே எடுக்கலாமா என்று கேட்ட நண்பர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எங்கள் பெட்டியில் ஐந்தாவது பிட், எண்ணெய் குறைவு. நாலு வாரப் பதிவில் (நிலை & 32) ஒரு நொடிகூட எரியவில்லை. எண்ணெய் நன்றாக இருக்கிறது என்று நானும் ரிப்போர்ட்டில் பச்சைக் கலர் போட்டுக்கொண்டே வந்தேன். போன வாரம் மாமா எண்ணெய் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். எண்ணெய் அடியில் கிடந்தது. பிட் அப்போதும் சுழிதான். டார்ச் அடித்துப் பார்த்தால் மெஷினுக்குப் பின்னால் அந்த வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருக்கிறது. வயர் அறுந்தாலும் சுழி, எண்ணெய் இருந்தாலும் சுழி!

சுவிட்சை மாற்றிக் கட்ட வேண்டும். எண்ணெய் இருக்கும்போது கரண்ட் போய்க்கொண்டே இருந்து 1 காட்ட வேண்டும். எண்ணெய் குறைந்தாலும் வயர் அறுந்தாலும் 0 ஆக வேண்டும். நிரலில் அந்த ஒரு பிட்டுக்கு மட்டும் கேள்வியைத் திருப்பிப் போடணும்: (நிலை & 32) == 0 என்றால் எண்ணெயைப் பார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆறு மெஷினுக்கும் மாற்றுகிறோம். மாமா வயர் இழுக்கிறார், நான் ஏணி பிடிக்கிறேன். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்தவர்கள் யாராவது வந்தால் மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.